தகரத்துக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர்

முகத்துவாரக்குப்பம், எண்ணூர்
3.3.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உன் சுந்தரி எழுதுவது. இங்கே நான் நலம். என் இடுப்பு மட்டும் நலமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பத்தாம் வகுப்புப் பரீட்சையில். அதுவும் வெளியூரில் இருக்கும் தோழிக்கு. கட்டின புருஷனுக்கு எழுதுவேன் என்று யார் கண்டது? பொங்கலோடு உன் போன் செத்துப்போனது. அடித்தால் ஒரு பொம்பளை இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். அவளை எனக்குப் பிடிக்கவே இல்லை.

போன வாரம் ஜேக்கப் என்று ஒருவர் உன் கப்பல் நிற்கிற துறைமுகத்திலிருந்து பேசினார். கப்பல்காரர்களுக்கு உதவி செய்யும் சங்கத்தில் இருக்கிறாராம். "சிஸ்டர், உங்க வீட்டுக்காரர் கப்பல் கரைக்கு ரொம்ப தூரத்துல நங்கூரம் போட்டு நிக்குது, சிக்னல் இல்ல. நீங்க பேப்பர்ல எழுதி போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. போட் போறப்ப நான் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறேன். அவர் எழுதினா அதையும் அனுப்புறேன்" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இப்போது இடுப்பு. காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு விற்கச் சடையங்குப்பத்துக்குப் பஸ் ஏறினேன். கண்டக்டர் பாதி வழியில் விசில் ஊதிவிட்டான். "இன்னாம்மா, வண்டியே கலீஜ் பண்ற! எறங்கு எறங்கு!" நான் விடுவேனா? "உங்க வூட்டாண்ட மீன் கொழம்பு வெச்சா மூக்க புட்ச்சிகினு துன்னுவியா நைனா?" என்று கேட்டேன். பஸ்ஸே சிரித்தது. ஆனாலும் இறக்கித்தான் விட்டான். தலையில் கூடையோடு மீதி வழி நடந்தேன்.

வாசலில் உன் அப்பாவுடைய லோடு ஆட்டோ செங்கல் மேல் நிற்கிறது. இன்ஜின் நன்றாக இருக்கிறது. மீன் தண்ணீர் சொட்டிச் சொட்டி அடித்தகடு போய்விட்டது, அதனால்தானே வண்டி ஓடலாம் என்கிற எஃப்.சி. கிடைக்கவில்லை. டிசம்பர் வெள்ளம் மிச்சத்தையும் தின்றுவிட்டது. உன் தம்பி மணி தினமும் வந்து ஒரு பாட்டம் அழுகிறான்: "இன்னா அண்ணி, இத வெச்சிகினு இன்னா பண்ணப் போற? காயலான் கடைக்குப் போட்டா எடமாவது காலியாவும்."

நீ கப்பலுக்குக் கிளம்பிய அன்று அதன் டயரை உதைத்துவிட்டு, குப்பமே கேட்கிற மாதிரி சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "வந்தா புது வண்டியோடதான் வருவேன். இல்லன்னா இந்த மூஞ்சிய யாரும் பாக்க முடியாது." நீ கொண்டு வா, வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவரை என் இடுப்பு தாங்காது. இதை நானே சரி செய்யப் போகிறேன். சிரிக்காதே.

காற்றில் நிற்காதே, தலைக்குத் துணி கட்டிக்கொள்.

உன்,
குணசுந்தரி


கப்பலிலிருந்து
21.3.2024

அன்பு சுந்தரிக்கு,

நீலமேகம் எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன். உன் இடுப்புக்குக் கல் உப்பு வறுத்து ஒத்தடம் கொடு. கண்டக்டரிடம் வம்புக்குப் போகாதே என்று சொன்னால் நீ கேட்கப்போவதில்லை, ஆகையால் சொல்லவில்லை.

கப்பல் தன் முறைக்காகக் காத்து நிற்கிறது. அவ்வளவுதான். மூன்று வேளையும் சாப்பாடு, மீனும் உண்டு. சட்டை கொஞ்சம் இறுக்கம்கூட ஆகிவிட்டது.

நீ தகரம் தட்டப் போகிறாய் என்று படித்ததும் சிரித்தேன், மன்னித்துக்கொள். இங்கே எனக்கும் அதே பிழைப்புதான். காலையிலிருந்து சுத்தியலால் துருவைத் தட்டித் தட்டிச் சுரண்டுகிறேன். நீ ஒன்று செய். தகட்டை ஓரத்திலிருந்து மெல்லத் தட்டிக்கொண்டே வா. 'டங்' என்றால் விட்டுவிடு. 'பொத்' என்றால் மேலே பெயிண்ட் பளபளப்பாக இருந்தாலும் நம்பாதே, வெட்டி எடு. நல்ல தகடு வரும்வரை வெட்டு. வெல்டிங் வைக்காதே, மெலிந்த தகடு பொத்துக்கொண்டு போகும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு வைத்து ரிவெட் ஆணி அடி.

ஆனால் உனக்கு எதற்கு இந்த வேலை? புது வண்டி நான் கொண்டு வருவேன். சொன்னது சொன்னதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நீலமேகம்


முகத்துவாரக்குப்பம்
7.4.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததும் போனையே முத்தமிட்டேன். மணி பார்த்துவிட்டான், மானம் போனது. நான் சுகம், இடுப்பும் சுகம். சட்டை இறுக்கம் என்றால் தொப்பையோடு வருவாயா? வா, வா.

வேலை முடிந்தது! நீ சொன்னபடி தட்டிப் பார்த்தேன். உன் அப்பா வண்டி பாதிக்குமேல் 'பொத்' என்றுதான் சொன்னது. டிரைவர் காலடியில் ஒரு தட்டு தட்டினேன், சுத்தியல் உள்ளே போய்விட்டது. ஓட்டை வழியாக நம் வாசல் கோழி என்னைப் பார்க்கிறது.

என்னிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிற உமைமாவைத் தெரியுமில்லையா, அவள் வீட்டுக்காரர் கிரில் கேட் செய்கிறவர். டிரில் மிஷினும் ரிவெட் அடிக்கும் கருவியும் அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் உட்கார்ந்து தகட்டைப் பிடித்துக்கொண்டாள். வெட்டினோம், ரிவெட் அடித்தோம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் கைரேகையே அழிந்துவிட்டது. பிறகு ஒரு பக்கெட் அடித்து நன்றாகக் கழுவி, காயவைத்து, துருப் பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பூசி, மேலே நீலப் பெயிண்ட். உன் பெயரில் நீலம் இருக்கிறதே என்றுதான்.

படம் அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டுப் புகழ்ந்து எழுது. குறைவாகப் புகழாதே.

உன்,
சுந்தரி


முகத்துவாரக்குப்பம்
28.4.2024

மாமா,

நலமா? உன்னிடமிருந்து கடிதமே இல்லை. நான் நலமில்லை.

பெயிண்ட் முழுக்கக் கொப்புளம். அம்மை போட்ட குழந்தை மாதிரி இருக்கிறது. நகத்தால் கீறினால் உரிந்து வருகிறது, அடியில் சிவப்பாகத் துரு. மூன்று வாரம்தான் ஆகிறது. மணி விரலால் ஒரு கொப்புளத்தை உடைத்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன், கேட்டியா அண்ணி?" என்று சிரித்தான். உப்புத்தாளை அவன் மூஞ்சியில் தேய்க்கலாம் போல இருந்தது. அவன் போனபிறகு வண்டிக்குள் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

எங்கே தப்பு செய்தேன் என்று தெரியவில்லை. நாளை மறுபடியும் கூடையோடு பஸ். நீ ஏன் எழுதவில்லை?

சுந்தரி


கப்பலிலிருந்து
12.5.2024

அன்பு சுந்தரிக்கு,

சுகம். உன் இரண்டு கடிதமும் சேர்ந்தாற்போல் இன்றுதான் கிடைத்தது, கடல் சரியில்லை, போட் வரவில்லை. முதல் கடிதத்தைப் படித்துச் சிரித்து முடிப்பதற்குள் இரண்டாவது வந்து அடித்துவிட்டது. அழாதே. ஜேக்கப் அண்ணன் உன் படத்தைக் கருப்பு வெள்ளையில் எடுத்து வந்தார், எது துரு எது நிழல் என்று தெரியவில்லை. ஆனால் வண்டிக்குப் பக்கத்தில் நீ இடுப்பில் கை வைத்து நிற்பது நன்றாகத் தெரிந்தது. தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். எந்தத் தண்ணீரில் கழுவினாய்? 'ஒரு பக்கெட் அடித்து' என்று எழுதியிருக்கிறாய். நம் வாசல் கைபம்பா? அடிப்பாவி! அந்தத் தண்ணீரில் சோப்பே நுரைக்காதே. கழிமுகத்து உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. நாம் அதிலேயே குளித்து, அதிலேயே துணி துவைத்து, உப்பு என்பதையே மறந்துவிட்டோம். நீ துருவைச் சுரண்டிவிட்டு, உப்பைப் பூசி, அதன்மேல் பெயிண்ட் அடித்திருக்கிறாய். உப்பு உள்ளே இருந்தால் எத்தனை கோட் அடித்தாலும் தூக்கிவிடும்.

மறுபடி சுரண்டு. இந்த முறை லாரியில் வருகிற நல்ல தண்ணீரில் கழுவு. தாராளமாக ஊற்று. உன் ரிவெட் மேல் தப்பே இல்லை.

நானும் சுரண்டிக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த வாரம் முன்பக்கத்துக் கைப்பிடிக் கம்பி.

நீலமேகம்


முகத்துவாரக்குப்பம்
2.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று இந்த முறை சும்மா கேட்கவில்லை.

முதலில் வண்டி. லாரி வந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து தகரத்தின் மேல் ஊற்றினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் வாயில் வந்தபடி பேசினார்கள். "குடிக்கிற தண்ணிய தகரத்துக்கு ஊத்துற, இன்னா திமிரு உனக்கு!" வாயைத் திறக்காமல் நின்றேன், நம்புகிறாயா? நானா என்று எனக்கே ஆச்சரியம். நியாயம்தானே, எல்லாருக்கும் அளந்து வருகிற தண்ணீர். அன்றைக்குச் சோறு வடிக்க எனக்குத் தண்ணீர் இல்லை. உமைமா தன் வீட்டிலிருந்து ஒரு குடம் கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்தாள்.

தேய்த்த தகடு பளபளவென்று இருந்தது. ரெட் ஆக்சைடு டப்பாவைத் திறந்தால் உள்ளே கட்டியாகியிருந்தது. நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். விடிந்து பார்த்தால் தகடு முழுக்கச் செம்மண் தூவியது போல இருக்கிறது. ஒரே ராத்திரி! இந்தக் கடல் காற்றில் வெறும் தகடு ஒரு ராத்திரி தாங்காது. புது டப்பா வாங்கி வந்து, மறுபடி தேய்த்து, மறுபடி நல்ல தண்ணீர் ஊற்றி, காய்ந்ததும் அப்போதே பெயிண்ட் அடித்தேன். இன்றுவரை ஒரு கொப்புளம் இல்லை.

அதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் போய்விட்டது. உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். சுரண்டினேன், தட்டினேன் என்று எழுதுகிறாய். பெயிண்ட் அடித்தேன் என்று ஒரு வரி இல்லை. நடுக்கடலில் நிற்கிற கப்பல், சுரண்டிவிட்டு ஒரு ராத்திரி விட்டால் என்ன ஆகும் என்று எனக்கே தெரிகிறது, உங்களுக்குத் தெரியாதா? பெயிண்ட் வாங்க வக்கில்லாத கப்பலில் அரிசி மட்டும் எப்படி இருக்கும்?

இன்னொன்று. கப்பலில் கோழியும் ஐஸ் கறியும் போட்டே கொல்கிறார்கள், ஒரு மீன் கிடையாது என்று போன வருஷம் போனில் அலுத்துக்கொண்டது நீதான். இப்போது மீன் எங்கிருந்து வருகிறது? யார் தூண்டில் போடுகிறார்கள்?

ஜேக்கப் அண்ணனைக் கேட்டேன். "சிஸ்டர், அதை அவரே எழுதணும்" என்கிறார். எல்லாம் சரியாக இருந்தால் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவாரே.

மாமா, என்னிடம் மறைக்காதே. எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்,
சுந்தரி


முகத்துவாரக்குப்பம்
25.6.2024

மாமா,

பதில் இல்லை. போட் போனது என்று ஜேக்கப் அண்ணன் சொன்னார். கடிதத்தைக் கையிலேயே கொடுத்தாராம், நீ வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாயாம்.

கோபமாக எழுதவில்லை. நீ இருந்தால் போதும். ஒரு வரி எழுது.

சுந்தரி


கப்பலிலிருந்து
6.7.2024

என் சுந்தரிக்கு,

உயிரோடு இருக்கிறேன். கை கால் நன்றாக இருக்கிறது. மற்றதை இப்போது சொல்கிறேன்.

கப்பல் முதலாளி ஓடிவிட்டான். பொங்கலுக்கு முன்னாலேயே. சம்பளம் இல்லை, எண்ணெய் இல்லை, ஜெனரேட்டரைச் சாயங்காலம் கொஞ்ச நேரம் போடுவோம். சங்கத்து போட்டில் அரிசியும் குடிக்கிற தண்ணீரும் வருகிறது, கடல் சரியில்லை என்றால் அதுவும் இல்லை. தூண்டில் போடுகிறவன் நான்தான். குப்பத்துக்காரன் என்று கப்பலில் இப்போதுதான் எனக்கு மரியாதை. குளியல் கடல் தண்ணீரில். தோல் முழுக்க உப்புப் பூத்து, ராத்திரி அரிப்பு தாங்கவில்லை. சட்டை இறுக்கம் என்று எழுதியது பொய். தொளதொளவென்று தொங்குகிறது.

பெயிண்ட் இல்லை. நீ கண்டுபிடித்தது சரி. கேப்டன் சங்கரநாராயணன் நல்ல மனுஷன். சும்மா உட்கார்ந்தால் புத்தி பேதலித்துவிடும் என்று சுத்தியலைக் கையில் கொடுத்தார். இன்று சுரண்டுவோம், காலையில் மறுபடி சிவந்திருக்கும், மறுபடி சுரண்டுவோம். உன் கடிதத்தில் அதைப் படித்ததும், திருடன் அகப்பட்ட மாதிரி ஆகிவிட்டது எனக்கு. அதனால்தான் மடித்து வைத்துக்கொண்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் வரலாம். எப்போதோ வந்திருக்கலாம். "சம்பளக் கேஸை நாங்க பாத்துக்கிறோம், இந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டு ஊருக்குப் போங்க" என்று ஜேக்கப் அண்ணன் ஏப்ரலிலிருந்தே சொல்கிறார். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். கேப்டன்கூடத் திட்டுகிறார்: "நான் கப்பலை விட்டுட்டுப் போக முடியாது, சட்டம். உனக்கு என்னய்யா?"

எனக்கு என்ன என்று உனக்குத் தெரியும். குப்பமே கேட்க வாய் விட்டேன். புது வண்டியோடு வருவேன் என்று சொன்னவன், வெறுங்கையை வீசிக்கொண்டு எப்படி வந்து இறங்குவேன்? மணி முகத்தில் எப்படி விழிப்பேன்? உன் முகத்தில்? முதலாளி திரும்பி வருவான், ஏதாவது நடக்கும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நடக்காது என்றும் தெரிகிறது.

நீ நன்றாக இரு.

நீலமேகம்


முகத்துவாரக்குப்பம்
20.7.2024

மாமா,

நான் நலம். நீ நலமில்லை என்று தெரிந்துவிட்டது, ஆகவே கேட்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னைத் திட்டிய திட்டை எழுதினால் ஜேக்கப் அண்ணன் அச்சடிக்கமாட்டார். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் எப்போதாவது புது வண்டி கேட்டேனா? நீயாகச் சொன்னாய், நீயாகச் சபதம் போட்டாய், நீயாக நடுக்கடலில் உட்கார்ந்து உப்பில் ஊறிக்கொண்டிருக்கிறாய். வழியனுப்பியபோது நீ டயரை உதைத்ததைக் குப்பத்தில் யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. நான் ஒருத்திதான் வைத்திருக்கிறேன், நானும் மறந்துவிட்டேன், போ!

இப்போது கேள். போன வாரம் வண்டியை எஃப்.சி.க்குக் கொண்டுபோனோம். மணிதான் ஓட்டினான். "ஃபெயில் ஆனா நேரா காயலான் கடைக்கு வுட்டுடுவேன் அண்ணி" என்று வழியெல்லாம் பாட்டு. அதிகாரி ஒரு ஸ்குரூ டிரைவரோடு குனிந்தார். ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார், நீ சொன்னாயே, அதே மாதிரி. டங், டங், டங். ஒரு இடத்தில்கூட 'பொத்' இல்லை மாமா! டிரைவர் காலடியில் குத்திக்கூடப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "யாருப்பா டிங்கரிங் பாத்தது?" என்றார். நம் மணி இருக்கிறானே, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க அண்ணிதான் சார். நல்ல தண்ணி ஊத்தி கய்வி, அப்பாலதான் பெய்ண்ட் அட்ச்சிது. அது தெரியாம அட்ச்சா பொங்கிடும் சார்" என்று அவருக்கே பாடம் எடுக்கிறான். சிரிப்பை அடக்க நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

எஃப்.சி. கிடைத்துவிட்டது. ஓட்டப் பழக எல்.எல்.ஆர். நானும் எடுத்துவிட்டேன், மணி பக்கத்தில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறான். நேற்று காசிமேட்டிலிருந்து சடையங்குப்பம்வரை நானே ஓட்டினேன். வழியில் அந்தக் கண்டக்டர் பஸ் வந்தது. ஹார்ன் அடித்துக்கொண்டே தாண்டினேன்.

வெறுங்கையோடு வர வெட்கம் என்கிறாய். அந்தக் கையில் என்ன இருந்தது என்று பார்த்தா உன்னைக் கட்டிக்கொண்டேன்? வண்டி இருக்கிறது. ஓட்ட நான் இருக்கிறேன். மீன் பெட்டியை இரண்டு பேர் பிடித்தால்தான் தூக்க முடிகிறது, இன்னொரு பக்கம் பிடிக்க ஆள் இல்லை.

கையெழுத்துப் போடு.

உன்,
சுந்தரி


கப்பலிலிருந்து
9.8.2024

சுந்தரிக்கு,

சுகம். இன்று நிஜமாகவே சுகம்.

உன் கடிதத்தைக் கேப்டனுக்கும் படித்துக் காட்டினேன், ஹார்ன் அடித்த இடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் பேனாவை எடுத்து என் கையில் வைத்தார். போட்டுவிட்டேன். அவரையும் விடுவிக்க வேறொரு கேப்டன் அடுத்த மாதம் வருகிறாராம்.

இருபதாம் தேதி காலை மீனம்பாக்கத்தில் இறங்குகிறேன். என்னிடம் ஒரு பையும், துரு சுரண்டிய சுத்தியலும்தான். சுத்தியலைக் கேப்டன் கொடுத்தார், உனக்குத் தரச் சொன்னார்.

யாரையும் கூட்டிக்கொண்டு வராதே. நீ மட்டும் வா. வண்டியிலேயே வா. மீன் நாற்றம் அடித்தால் அடிக்கட்டும்.

நீலமேகம்


முகத்துவாரக்குப்பம்
18.8.2024

என் மாமாவுக்கு,

இந்தக் கடிதம் கப்பலுக்குப் போகாது. நீ விமானம் ஏறுமுன் ஜேக்கப் அண்ணன் உன் கையில் கொடுப்பார். அவருக்கு நான் வாழ்நாள் முழுக்க வஞ்சிரம் கொடுக்கக் கடமைப்பட்டவள் என்று சொல்லிவிடு.

லைசென்ஸும் வந்துவிட்டது, வண்டியோடு வெளியே நிற்பேன். உள்ளே விடமாட்டார்களாம், விட்டால் வாசலுக்கே வருவேன். உன்னைப் பார்த்ததும் அழுவேன், அதற்கு இப்போதே தயாராகிக்கொள். இளைத்துவிட்டாயே என்று நடுரோட்டில் கத்தவும் கத்துவேன்.

மணி குப்பம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். எல்லாரும் உன்னைப் பார்க்க வருவார்கள், காத்திருக்கட்டும். இன்று லாரி வந்தது. வரிசையில் நின்றவர்களிடம் நீ வருவதைச் சொன்னேன். அன்றைக்கு என்னைத் திட்டினார்களே, அவர்களே தங்களுக்கு முன்னால் எனக்கு இடம் விட்டார்கள். ஒரு குடம் நல்ல தண்ணீர் உனக்கென்று தனியாக மூடி வைத்திருக்கிறேன், அதை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். வந்ததும் வாசலில் உட்கார். தலையோடு நான்தான் ஊற்றுவேன். முதலில் அந்த உப்பு போகட்டும் மாமா, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

உன்,
சுந்தரி